பேக்கிங் பலகையில் முயல் கூண்டு: முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்

வீட்டில் ஒரு ஜோடி முயல் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது கூண்டைத்தான். கடையில் கிடைக்கும் சிறிய கம்பிக் கூண்டில் முயல் காலை நீட்டிப் படுக்கக்கூட முடியாது. ரம்பமும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்தால் நல்ல மரக்கூண்டை நீங்களே செய்துவிடலாம்.

திருப்பூர் ராயபுரம் போன்ற பனியன் தொழில் பகுதிகளில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனி, இத்தாலி, தைவான் நாடுகளிலிருந்து இயந்திரங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளின் பலகையே போதும். ஆனால் மலிவு என்று கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளி வராதீர்கள். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. அவற்றைத் தேய்க்க அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். கூண்டுச் சட்டத்தையும் விட்டுவைக்காது. நீங்கள் வாங்கும் பலகை அதன் வயிற்றுக்குள் போகும் என்பதை மனதில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பேக்கிங் மரத்தில் பூச்சி வராமலிருக்க நேர்த்தி செய்து, கோதுமைக் கதிர் படத்துடன் முத்திரை குத்துவது 2002-ல் வகுக்கப்பட்ட சர்வதேச விதி. அந்த முத்திரையில் ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வெப்பமூட்டியது என்று பொருள். அதைத் தாராளமாக வாங்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது, வேண்டாம். முத்திரை சரியாக இருந்தாலும் இயந்திர எண்ணெயோ சாயமோ ஊறிய பலகையையும், பெயின்ட் அடித்ததையும் ஒதுக்கிவிடுங்கள்.

வளர்ந்த முயல் ஒன்றுக்கு 2 அடிக்கு 2 அடி, குட்டி போடும் பெண் முயலுக்கு 3 அடிக்கு 2 அடி, உயரம் ஒன்றரை அடி. கூண்டு தரையிலிருந்து 2 முதல் 3 அடி உயரத்தில் நிற்க வேண்டும். அடித்தளத்தைப் பலகையால் மூடாதீர்கள். சிறுநீர் ஊறி நாறும், புழுக்கையோடு கிடந்தால் ரத்தக்கழிச்சல் நோய் பரவும். அரை அங்குலக் கண் கொண்ட வெல்டுமெஷ் போட்டால் புழுக்கை கீழே விழுந்துவிடும். ஒரு மூலையில் மட்டும் ஓரடிப் பலகைத் துண்டை, கழுவி மாட்டும்படி வையுங்கள். நாள் முழுவதும் கம்பியிலேயே நின்றால் பின்னங்கால் பாதம் புண்ணாகும். வலையைச் சட்டத்தின் உட்புறமாக அடித்தால் மரமும் தப்பும். கோழி வலை வேண்டாம், நாய் இழுத்தால் கிழிந்துவிடும்.

முயல் 30, 31 நாளில் குட்டி போடும். இருபத்தெட்டாம் நாளில் ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு மரப்பெட்டியை உள்ளே வையுங்கள். காய்ந்த புல் பரப்பினால் போதும், தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைத்துக்கொள்ளும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் பனியன் வேஸ்ட்டைப் பெட்டிக்குள் போடவே கூடாது. பிரிந்த நூல் குட்டியின் காலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடும். அந்தத் துணிக்கு வேறு வேலை இருக்கிறது: கிரீஸ் தடவிக் கூண்டின் நான்கு கால்களிலும் சுற்றிக் கட்டுங்கள், எறும்பு ஏறாது. கண் திறக்காத குட்டிகளுக்கு எறும்புதான் எமன்.

இவ்வளவு செய்தும் தகரக் கூரைக்கு அடியில் கூண்டை வைத்தால் எல்லாம் வீண். முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. காது வழியாகத்தான் உடல் சூடு பெரும்பாலும் வெளியேறும். 35 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. நம் பகுதியின் சித்திரை, வைகாசி வெயில் உங்களுக்குத் தெரிந்ததுதானே! கூண்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், மேலே தென்னங்கீற்று வேயுங்கள். மதியத்தில் பக்கங்களில் ஈரச்சாக்கு தொங்கவிட்டாலும் காற்று புகும் வழியை மூடிவிடாதீர்கள். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து உள்ளே போட்டால் முயல் அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காதை ஈரத்துணியால் துடைத்து, நிழலுக்கு மாற்றி, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

குட்டிகளை மூன்று மாதத்தில் ஆண், பெண் பிரித்துவிட வேண்டும். வளர்ந்த ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற வளர்ப்பு இனங்களையே வாங்குங்கள். காட்டில் பிடித்த முயலைக் கூண்டில் அடைப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டுக்கு அடியில் தகரத் தட்டு வைத்துப் புழுக்கையைச் சேர்த்தால் வீட்டுத் தோட்டத்துக் கீரைக்கும் கறிவேப்பிலைக்கும் உரம் ஆகும்.