அப்பாவின் ஹெரால்டு காரும் இணைய ஏலமும்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்க அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "சார், வீட்டுக் கொட்டகையில் அப்பா காலத்து பியட் கார் ஒன்று நிற்கிறது. கம்ப்யூட்டரில் ஏலம் போட்டால் நல்ல விலை வரும் என்கிறான் பையன். நீங்கள் அப்படி ஒன்றை விற்றீர்களாமே, எப்படி?" என்று கேட்டார். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற கதையல்ல அது. இதழுக்கு எழுதித் தருகிறேன் என்று வாக்களித்தேன். அந்த வாக்கே இக்கட்டுரை.

எங்கள் ஊர் காஞ்சிரங்குளம். நெய்யாற்றின்கரைக்குத் தென்மேற்கே, கடற்காற்று எட்டும் தூரத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் பெரும்பாலும் களியக்காவிளைக்கு அப்பால்தான். அப்பா கருப்பட்டி, கயிறு மொத்த வியாபாரி. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் வைத்திருந்த 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை 1974இல் வாங்கினார். அப்போது எனக்கு வயது பதினான்கு.

சென்னையில் பிறந்த கார்

இளைய தலைமுறைக்கு அம்பாசிடர் தெரியும், பத்மினி தெரியும். ஸ்டாண்டர்ட் என்றால் விழிக்கிறார்கள். கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர் என்றிருந்த நாட்களில் மூன்றாவதாகச் சென்னையில் இருந்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம். வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் அதன் தொழிற்சாலை. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே கட்டினார்கள். உருவம் அமைத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 948 சி.சி. எஞ்சின். பானெட்டை முன்பக்கமாகத் தூக்கினால் மட்கார்டும் விளக்கும் சேர்ந்தே எழும். முன் சக்கரத்தின் மேல் அமர்ந்துகொண்டு எஞ்சினைப் பழுது பார்க்கலாம். நான்கு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்தில் வரவேயில்லை. அது நம் சென்னைக்காரர்களின் வேலை. பின்னர் கெஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்து, மூன்றே ஆண்டில் எல்லாம் முடிந்தது.

அக்காவைத் திருமணம் முடித்து மார்த்தாண்டத்துக்கு அழைத்துச் சென்றது அந்தக் காரில்தான். 2009இல் அப்பா காலமான பிறகும் நான் அதை ஓட்டினேன். 2014இல் பதிவுக் காலம் முடிந்தது. இரயில்வே வேலையில் அலைந்துகொண்டிருந்ததால் புதுப்பிக்கவில்லை. கொட்டகையில் தென்னை ஓலைக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவே வண்டி நின்றது. 2020இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, தார்ப்பாயை விலக்கிப் பார்த்தபோது காலடித் தகட்டின் வழியே தரை தெரிந்தது. உப்புக்காற்று என்ன செய்யும் என்பது தண்டவாளத்தோடு வாழ்ந்த எனக்குத் தெரியாததல்ல. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். எனக்குப் பின் இது பேரீச்சம்பழத்துக்குத்தான் போகும் என்று தோன்றவே, விற்க முடிவு செய்தேன்.

பார்த்து எடுக்கும் ஏலமும் பாராமல் எடுக்கும் ஏலமும்

ஏலம் எனக்குப் புதிதல்ல. தேய்ந்த தண்டவாளம், இரும்பு ஸ்லீப்பர், பழைய போல்ட் ஆகியவற்றை லாட் லாட்டாகப் பிரித்து ஏலம் விடுவதைப் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். முன்பு ஏலதாரர்கள் நேரில் வந்து குரல் கொடுப்பார்கள். பின்னர் இரயில்வே கழிவு இரும்பு விற்பனை முழுவதும் இணைய ஏலத்துக்கு மாறியது. ஆனாலும் 'இருந்த இடத்தில், இருந்த நிலையில்' என்ற நிபந்தனை மாறவில்லை. இரும்பு இரும்புதான், எடை போட்டால் தெரிந்துவிடும்.

பழைய கார் அப்படியன்று. அது இருக்கும் இடத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர், படத்தை மட்டும் பார்த்து விலை சொல்கிறார். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் மோசமான வண்டிக்குரிய விலையைத்தான் எல்லா வண்டிக்கும் சொல்வான். நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தைக்கே வரமாட்டான். இதற்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இணைய ஏலத்தின் சூட்சுமத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈபே நிறுவனம் 1995இல் அமெரிக்காவில் தொடங்கியது. நம் நாட்டில் 2000இல் பாஸி வந்தது. 2004இல் ஈபே அதை வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. அதே 2018இல் மும்பையின் அஸ்தகுரு நிறுவனம் பழம்பெரும் கார்களை இணையத்தில் ஏலம் விட்டது. பெரும்பாலான ஏலத் தளங்களில் முறை ஒன்றுதான். விற்பவர் 'இதற்குக் கீழ் தரமாட்டேன்' என்று ஓர் அடிப்படை விலையை இரகசியமாக வைக்கலாம். கேட்பவர் தம் உச்ச விலையைத் தளத்திடம் சொல்லிவைத்தால், எதிராளி ஏற ஏற அவர் சார்பில் தளமே ஒரு படி கூட்டிக்கொண்டு போகும். ஆகவே வென்றவர் தருவது தம் உச்ச விலையை அன்று, தோற்ற இரண்டாமவரின் உச்ச விலைக்கு ஒரு படி மேலான தொகையை. விலையை நிர்ணயிப்பவர் அந்த இரண்டாமவர்தான் என்பதை அன்பர்கள் மனத்தில் வைக்கவேண்டும். நம்பிக்கையோடு கேட்கும் ஆள் ஒருவர் மட்டும் இருந்தால் விலை ஏறாது. இரண்டு பேர் வேண்டும்.

முதல் முறை பட்ட பாடு

2021இல் வண்டியைக் கழுவி, துரு தெரியாத பக்கமாக நிறுத்திப் படமெடுத்து, 'நல்ல நிலை, குடும்பக் கார்' என்று இரண்டு வரி எழுதி ஒரு தளத்தில் போட்டேன். பெயரை எழுதப் போவதில்லை. பிழை தளத்தினுடையதன்று, என்னுடையது.

முதலில் ஒருவர் போனில் வந்தார். ஏலம் முடியும் வரை காத்திருக்க முடியாது, உடனே முன்பணம் அனுப்புகிறேன் என்றார். ஒரு கியூஆர் கட்டத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் விழும்" என்றார். விரல் போனின் மேல் போய்விட்டது. அருகில் நின்ற பக்கத்து வீட்டுப் பையன்தான் கையைப் பிடித்தான். "மாமா, பணம் வாங்க பின் எண் வேண்டாம். போட்டால் நம் பணம்தான் போகும்" என்றான். முப்பத்தேழு ஆண்டு கணக்கு வழக்கில் கையெழுத்துப் போட்டவன் நான். பன்னிரண்டாம் வகுப்புப் பையன் காப்பாற்றினான்.

அடுத்து, உண்மையாகவே பழைய கார் சேர்க்கும் ஒருவர் கூப்பிட்டார். எஞ்சின் எண், சேசிஸ் எண் எல்லாம் கேட்டுவிட்டு, "ஆர்.சி. யார் பெயரில்?" என்றார். "அப்பா பெயரில்" என்றேன். "அப்படியானால் அவரிடம் கொஞ்சம் பேசலாமா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏலம் அடிப்படை விலையைத் தொடாமலே முடிந்தது.

பெயர் இருக்கும் தாள்

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. 2005 ஏப்ரலில் கர்தினால் ராட்சிங்கர் போப் ஆனார். அவர் பெயரில் முன்பு பதிவாகியிருந்த 1999ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் ஜெர்மனியில் ஓர் இளைஞரிடம் இருந்தது. பத்தாயிரம் யூரோவுக்கும் குறைவாக வாங்கியது. அடுத்த மாதமே ஈபே ஏலத்தில் அது 1,88,938 யூரோவுக்கு மேல் போனது. தெருவில் ஓடும் ஆயிரம் கோல்ஃப்களில் ஒன்றுதான். பதிவுத் தாளில் இருந்த பெயருக்குத்தான் அந்த விலை.

என் தாளிலும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவர் கையெழுத்திட வரமாட்டார். பதிவுபெற்ற உரிமையாளர் இறந்தால் முப்பது நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற 31ஆம் படிவத்தில் மனுச் செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். நான் பன்னிரண்டு ஆண்டு சும்மா இருந்திருக்கிறேன். அதில் ஐந்தாண்டு, இறந்தவர் பெயரில் வண்டி ஓட்டியிருக்கிறேன். ஒரு விபத்து நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

தாசில்தாரிடம் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். அக்காவின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டம் போனேன். விலையில் பங்கு உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா குறுக்கே சொன்னாள்: "எவ்வளவுக்குப் போவுதுன்னு நான் கேக்கல தம்பி. ஓட்டுறவன் கைக்குப் போவுதா, உடைக்கிறவன் கைக்குப் போவுதா, அதச் சொல்லு." எனக்குத் தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சுட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றாள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இரண்டாம் முறை போய், நேரில் வந்து பார்க்காதவருக்குக் கொடுப்பதில்லை, உடைத்து உதிரியாக விற்பவருக்குக் கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகே பேனாவை எடுத்தாள்.

பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டி அதிகாரி முன் போய் நிற்கவேண்டும். பாறசாலையில் வயதான மெக்கானிக் ஒருவர் பிரேக் சிலிண்டர், பெட்ரோல் டாங்க், வயரிங் என்று நான்கு மாதம் உழைத்தார். காலடித் தகடுகளைப் பட்டி போட்டு மறைக்காமல் புதுத் தகடு வெட்டிப் பற்றவைத்தார். வரி பாக்கி, தாமதக் கட்டணம் எல்லாம் கட்டி முடித்துப் புத்தகம் என் பெயருக்கு வந்தபோது 2023 பிறந்துவிட்டது.

குறையைச் சொன்னால் விலை ஏறுமா?

இம்முறை வெயிலில் நிறுத்தி, அடியிலிருந்தும் படமெடுத்தேன். பற்றவைத்த இடம், மீதமிருக்கும் துரு, சேசிஸ் எண், பின்கதவின் ஒட்டாத ரப்பர் எல்லாம் படத்தில் இருந்தன. பதினான்கு குறைகளை வரிசையாக எழுதினேன். பதிவுப் புத்தகத்தையும் காட்டி, தவறாகப் பயன்படாதபடி சில எண்களை மட்டும் மறைத்தேன். பையன் என்னைப் பைத்தியம் என்றான்.

ஏழு நாளில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவரும் கொச்சியிலிருந்து ஒருவரும் நேரில் வந்து பார்த்தார்கள். கடைசி அரை மணியில் இருவரும் மாறி மாறி ஏற்றினார்கள். கோவைக்காரர் வென்றார். முதல் முறை வந்த உச்ச விலையைப்போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. செலவு கழித்தால் பெரிய இலாபம் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அன்பர்களுக்குச் சில குறிப்புகள்:

1. புத்தகத்தில் யார் பெயர் என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இறந்தவர் பெயரானால் முதலில் அதை மாற்றுங்கள்.

2. ஏலம் முடிந்ததும் விற்பனை முடிந்ததாக எண்ணவேண்டாம். 29, 30ஆம் படிவங்கள் உண்டு. வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டியானால் 28ஆம் படிவத்தில் ஆட்சேபணை இல்லாச் சான்றும் வேண்டும். உள்மாநிலமானால் 14 நாள், வெளிமாநிலமானால் 45 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்கவேண்டும். வண்டி கைமாறியும் பதிவில் பெயர் மாறாதிருந்தால் விபத்து இழப்பீட்டுக்குப் பதிவிலுள்ளவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

3. ஐம்பது ஆண்டு கடந்த, உருமாற்றாத கார்களுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது. பத்தாண்டுப் பதிவு, புதிதாகப் பதிந்தால் 'வி.ஏ.' எழுத்துடன் எண். முன்பே பதிந்த வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டம் கூடாது. வாங்குபவருக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

4. பணம் வங்கிக் கணக்கில் வந்து, வங்கியே உறுதி சொன்ன பிறகு சாவியைக் கொடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் எப்போதும் வேண்டாம்.

வண்டி புறப்பட்ட அன்று அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். லாரியில் ஏற்றுவதற்கு முன், கோவைக்காரர் அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்துத் தாமே பூவார் சாலை வரை ஓட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார். இறங்கியவள், "கியர் போடத் தெரியுது" என்று மட்டும் சொன்னாள். நாற்பது நாள் கழித்து, தம் பெயர் ஏறிய புத்தகத்தின் நகலைத் தபாலில் அனுப்பியிருந்தார். அதை அப்பாவின் பழைய ஆர்.சி. நகலோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.