கட்டிடங்களிற் செய்திக் கம்பிகளும் அவற்றின் பரீட்சையும்

இக்காலத்து வணிக மாளிகைகளில் மேசைதோறுங் கணினி இருத்தலையும், அவை ஒன்றோடொன்று இமைப்பொழுதிற் செய்தி பரிமாறுதலையும் நாம் கண்டிருக்கின்றோம். ஆயின் அச்செய்தி செல்லும் வழியைக் கண்டார் சிலரே. சுவரினுள்ளும் பொய்க்கூரையின் மேலும் நூற்றுக்கணக்கான கேபிள்கள் மறைந்து கிடக்கின்றன. கம்பியிட்டவர் கூலி பெற்றுச் சென்ற பின்னர்க் குறை வெளிப்படுமாயின், கூரையைப் பிரிக்குஞ் செலவு கட்டிடத்துக்குடையவரையே சாரும். ஆதலின் பணங் கொடுக்குமுன் கம்பிகளைச் சோதித்துச் சான்றுப் பத்திரம் பெறும் வழக்கம் உண்டாயிற்று. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஒரு கேபிளினுள் எட்டுச் செப்புக் கம்பிகள் உள. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்னும் நான்கு கம்பிகளும் வெண்மை கலந்த தத்தம் துணையோடு முறுக்கப்பட்டு நான்கு இணைகளாய் நிற்கும். இம்முறுக்கு அலங்காரமன்று. அலெக்ஸாந்தர் கிரகாம் பெல் 1881-ஆம் ஆண்டிலேயே முறுக்கிய இணைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அருகருகே செல்லுங் கம்பிகளில் ஒன்றன் செய்தி மற்றொன்றிலுந் தொற்றும். இதனைக் கிராஸ்டாக் என்பர். முறுக்கிய இணையின் இரு கம்பிகளும் அயற்கம்பியை மாறிமாறி அணுகுதலின், அத்தொல்லை இரண்டிலும் ஏறக்குறைய ஒப்பப் படிகின்றது. பெறுங் கருவியோ இரண்டற்கும் உள்ள வேற்றுமையை மட்டுமே நோக்கும்; ஆகவே தொல்லை பெரும்பாலுங் கழிந்துவிடுகின்றது.

வணிகக் கட்டிடங்களின் கம்பியமைப்புக்கென 568 என்னும் எண்ணுடைய விதித்தொகுதி அமெரிக்காவில் 1991-இல் வெளிவந்தது. 11801 என்னும் சர்வதேச விதி 1995-இல் தோன்றியது. சுவரிற் பதிந்த நிலையான இணைப்பு 90 மீட்டருக்கு மேற்படலாகாது. இருபுறத்துப் பேட்ச் கார்டுகளையுஞ் சேர்த்து 100 மீட்டர். ஆறாம் வகைக் கேபிளை 250 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 6ஏ வகையை 500 வரையிலும் சோதித்தல் வேண்டும்.

இவ்வளவு எதற்கு, ஒரு முனையில் மின்சாரம் விட்டு மறுமுனையில் விளக்கு எரிகின்றதா என்று பார்த்தாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். போதாது. காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இணைப்பு முனையில் எட்டு இடங்கள் உள. கருவிகள் 1-உம் 2-உம், 3-உம் 6-உம், 4-உம் 5-உம், 7-உம் 8-உம் இணையெனக் கொள்ளும். இதனையறியாதான் ஒருவன் இணைகளை வரிசையாக 1-2, 3-4, 5-6, 7-8 என இரு முனையிலும் அமைக்கின்றான். 3-ஆவது 3-இலும் 6-ஆவது 6-இலும் சேர்ந்தனவாதலின் விளக்குகள் எட்டும் ஒழுங்காய் எரியும். ஆயினும் 3-உம் 6-உம் வெவ்வேறு முறுக்கைச் சேர்ந்தவை. முறுக்கினாற் பெற்ற காவல் அவ்விணைக்கு இல்லை. தொழிலாளர் இக்குற்றத்தை ‘ஸ்பிளிட் பேர்’ என்பர். இதன் தீமை உடனே புலப்படாது. செய்தி பெருகியபொழுது பிழைகள் மலிந்து, வேகங் குன்றும். அலுவலகத்தாரோ கணினியைக் குறை கூறிக்கொண்டிருப்பர்!

சான்றளிக்குங் கருவி இவ்வாறு ஏமாறுவதில்லை. இரு முனையிலும் ஒவ்வொன்றாய் வைத்த அவ்விரட்டைக் கருவி, கம்பியொழுங்கோடு நீளம், செய்தியின் தேய்வு, எதிரொலித்துத் திரும்பும் பங்கு, தாமதம், கிராஸ்டாக் ஆகியவற்றைப் பல நூறு அதிர்வெண்களில் அளந்து, விதித்த எல்லையோடு ஒப்பிடும். முனையில் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் அவிழ்த்தலாகாது என்பது விதி. அவிழ்த்தவன் கைக்குறையைக் கிராஸ்டாக் அளவே காட்டிக்கொடுக்கும்.

எல்லையைத் தெரிந்தெடுப்பதிலுஞ் சூழ்ச்சி உண்டு. ஆறாம் வகையின் நிலையான இணைப்புக்கு, 250 மெகாஹெர்ட்ஸில், அருகுமுனைக் கிராஸ்டாக் எல்லை 35.3 டெசிபல், அஃதாவது செய்தியின் ஆற்றலில் ஏறக்குறைய 3400-இல் ஒரு கூறே அயலிணையில் தொற்றலாம். பேட்ச் கார்டுகளை உட்படுத்திய முழுவழிக்கோ 33.1 டெசிபல் போதும்; இது 2000-இல் ஒரு கூறு. நிலையான இணைப்பைச் சோதிப்பவன் முழுவழியின் எல்லையைக் கருவியில் அமைத்துவிட்டால், தேறத்தகாத கேபிளுந் தேறும். பத்திரத்தின் தலைப்பில் எந்த எல்லை என்று எழுதியிருத்தலை நாம் முதலில் நோக்க வேண்டுவது இதனாலேயே.

நட்சத்திரக் குறியோடு ‘தேறியது’ எனக் காணின், அளவு எல்லைக்கு மிக அணுகி, கருவியின் நுண்மைக்குட்பட்ட ஐயத்தில் நிற்கின்றதென்று கொள்க. அத்தகையன பலவாயின் காரணங் கேட்டல் நம் உரிமை. ஒரு கேபிளின் முடிவையே பெயர் மாற்றிப் பலவற்றிற்குக் கொடுத்தலும் நடவாததன்று. அச்சிட்ட தாளைவிடக் கருவி எழுதிய மூலப் பதிவைக் கேட்டுப் பெறுதல் நன்று. அதில் சோதித்த நாளும் நேரமும் கருவியின் எண்ணும் காணப்படும். இரு கேபிள்களின் அளவுகள் தசமப் புள்ளிவரை முற்றும் ஒத்திருத்தலோ அரிது. கருவியையும் ஆண்டுக்கொருமுறை அளவு சரிபார்த்திருத்தல் வேண்டும்; அந்நாளும் பதிவில் உண்டு.

செம்பு பூசிய அலுமினியக் கம்பியைச் செம்பென விற்பாரும் உளர். அதன் மின்தடை மிகுதியாதலின், கேபிள் வழியே காமிராக்களுக்கு மின்சாரமும் அனுப்புமிடத்து அது சூடேறும். ஆகவே தடையின் அளவையும் பத்திரத்திற் சேர்க்குமாறு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். வேலை முடிந்தபின் கேட்பின் அதற்குத் தனிக் கூலி கேட்பர்.