தப்பாக எண்ணும் எண்ணி

பிரெட்போர்டில் 7490 ஐ.சி.யைக் கொண்டு அமைத்த எண்ணி, ஒரு துடிப்புக்கு ஒன்று கூட்டாமல் இரண்டு, மூன்று என்று தாவுகிறதா? ஐ.சி. பழுதென்று தூக்கி எறிய வேண்டாம். குறை பெரும்பாலும் மின்சாரம் வரும் கம்பியில் இருக்கும்.

டி.டி.எல். வகை ஐ.சி. நிலைமாறும் கணத்தில் மின்னோட்டத்தைத் திடீரென மிகுதியாக இழுக்கிறது. 20 செ.மீ. கம்பியின் மின்தூண்டம் ஏறக்குறைய 0.2 மைக்ரோ ஹென்றி. மின்னோட்டம் 5 நானோ செகண்டில் 20 மில்லி ஆம்பியர் மாறினால், அக்கம்பியில் 0.8 வோல்ட் தோன்றும். இவ்வகை ஐ.சி. தாங்குவதாக உறுதியளிக்கப்படும் இரைச்சலோ 0.4 வோல்ட்தான். ஆகவே, வராத துடிப்பும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

மேலூர் உழவர்க்கு இது புதிதன்று. பெரியாறு கால்வாயில் மேல்மடைகள் ஒருசேரத் திறந்தால் கடைமடையில் நீர்மட்டம் தாழும். பக்கத்துக் கண்மாய் நிறைந்திருந்தால் பயிர் தப்பும்.

ஐ.சி.க்குக் கண்மாய், 0.1 மைக்ரோ ஃபாரட் பீங்கான் மின்தேக்கி. 7400-க்கு 14, 7 ஆம் கால்களுக்கு இடையிலும், 7490-க்கு 5, 10 ஆம் கால்களுக்கு இடையிலும் அதை ஒட்டிப் பொருத்துக. தரைக்கம்பியைக் குட்டையாக்குக. உள்ளீடுகள் எதையும் தொங்கவிடலாகாது. 7490-இன் 2, 3, 6, 7 ஆம் கால்களைத் தரையோடு இணைக்க வேண்டும்.

இதன் பின்பும் பொத்தானை அழுத்தும்போது மட்டும் எண் தாவினால், குற்றம் பொத்தானுடையது. அதன் தகடுகள் சில மில்லி செகண்டுகள் துள்ளித் துள்ளித் தொடுகின்றன. இருவழிச் சுவிட்சும் இரு நாண்ட் கேட்டுகளாலான பூட்டுச் சுற்றும் அத்துள்ளலை மறைத்துவிடும்.