கை வைத்தால் என்ன நடக்கிறது? ஒரு ரெய்கி குழுவில் ஆறு மாதம்

மாமா தவறிய பிறகு அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. ஞாயிறுதோறும் கூடும் ஒரு ரெய்கி குழுவுக்கு யாரோ கூப்பிட, "துணைக்கு வாடா" என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் போனேன். போனதோடு நிற்காமல் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

ரெய்கியை ஆதிகால வித்தைன்னு பலர் சொல்வாங்க. உண்மையில் இது நூறு வருஷத்துச் சமாச்சாரம். தொடங்கியவர் ஜப்பானைச் சேர்ந்த மிக்காவோ உசுய் (1865–1926). கியோட்டோ அருகே குராமா மலையில் 21 நாள் விரதம் இருந்தபோது அவருக்கு இது கிடைத்தது என்று, 1927-ல் சீடர்கள் டோக்கியோவில் நாட்டிய நினைவுக்கல் சொல்கிறது. அவர் மாணவர் ஹயாஷியிடம் கற்று, 1930-களில் இதை ஹவாய்க்குக் கொண்டுபோனவர் ஹவாயோ தகாதா என்ற பெண்மணி. 1980-ல் இறப்பதற்குள் 22 பேரை ஆசிரியர்களாக்கினார். அந்தப் பயிற்சிக்கு அவர் வைத்த கட்டணம் 10,000 டாலர்! மேற்கு நாடுகளில் ரெய்கி பரவியது பெரும்பாலும் இந்த 22 பேர் வழியாகத்தான்.

குழுவில் நடப்பது எளிமையானது. ஒருவர் படுத்துக்கொள்வார். மற்றவர்கள் தலை, தோள், வயிறு, பாதம் என்று மெல்லக் கை வைத்து அமைதியாக உட்கார்வார்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து அடுத்த ஆள். பிறகு டீ, பேச்சு.

கையிலிருந்து சக்தி பாயுதா? இதே மாதிரி, தொடாமலே கையால் சக்தியை உணர்வதாகச் சொல்லும் ஒரு முறை அமெரிக்க நர்சுகளிடம் உண்டு. அதை எமிலி ரோசா என்ற 9 வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். நடுவில் ஒரு தடுப்பு. அதன் ஓட்டைகள் வழியாக அவர்கள் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். எமிலி காசு சுண்டிப்போட்டு, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும். 21 பேர், 280 தடவை. சரியாகச் சொன்னது 123 தடவை, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிக்கிட்டு ஊகித்தாலே பாதி சரியா வரும்! 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளியானது.

அப்போ அக்கா இப்போ தூங்குறாளே, அது எப்படி? என் ஊகம் இதுதான். மாமா போன பிறகு அவளை யாரும் தொட்டதில்லை. குழந்தைகள் வெளியூர். வாரத்தில் ஒரு மணி நேரம், எதையும் கேட்காத நாலு பேர் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குச் சக்தி என்று பேர் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. முதலில் நாங்கள் எட்டிப்பார்த்தது வேறொரு குழு. அங்கே சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மாவிடம், "மாத்திரையை மெதுவா நிறுத்திடுங்க, உள்ளே ஆற்றல் வந்தாச்சு" என்றார் நடத்துபவர். அன்றோடு அந்தப் பக்கம் போகவில்லை.

சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். டாக்டர் சொன்னதை விடச் சொல்கிறார்களா? அடுத்த நிலை, அதற்கடுத்த நிலை என்று பணம் ஏறிக்கொண்டே போகிறதா? நாலு வாரம் வராவிட்டால் பயமுறுத்துவார்களா, இல்லை "நல்லாயிருக்கீங்களா" என்று மட்டும் விசாரிப்பார்களா?

இப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அக்காவுக்கும் அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துவிடுகிறேன்.