அழித்தவர்களே ஆதாரம் கேட்டனர்!

ஆலை முதலாளி மஸ்டர் ரோலை அழித்துவிட்டு, "இத்தனை ஆண்டு உழைத்ததற்குச் சான்று கொண்டுவா" என்று தொழிலாளியைக் கேட்டால் என்ன சொல்வோம், தோழர்களே? அக்கிரமம் என்போம், ஆலை வாயிலிலே திரள்வோம். அந்த அக்கிரமத்தை ஓர் அரசாங்கமே செய்தது. எந்த அரசாங்கம்? சட்டத்தின் ஆட்சிக்குத் தாயகம் என்று மார்தட்டிக்கொள்ளும் பிரிட்டிஷ் அரசாங்கம்!

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனிலே ஆள் பஞ்சம். பஸ் ஓட்டவும் மருத்துவமனையிலே பணி புரியவும் ஆட்கள் தேவை. கரீபியன் தீவுகளிலிருந்து தொழிலாளர் கப்பலேறினர். 1948 ஜூன் 22-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் டில்பரி துறைமுகத்திலே அவர்களை இறக்கியது. அந்நியராக அல்ல, பிரிட்டிஷ் குடிகளாகவே வந்தனர். தொடர்ந்து ஆயிரமாயிரவர் வந்தனர். பெற்றோர் பாஸ்போர்ட்டிலே குழந்தைகளும் வந்தனர்.

1971-ல் இயற்றி, 1973-ல் அமலாக்கிய சட்டம், அதற்குமுன் குடியேறிவிட்டவர்களுக்கு நிலையாக வாழும் உரிமையைத் தந்தது. உரிமை தந்தார்கள், அதற்கொரு சீட்டுத் தந்தார்களா? இல்லை! யார் யாருக்கு உரிமை என்று பதிவேடாவது வைத்தார்களா? அதுவும் இல்லை! வந்திறங்கியபோது எழுதி வாங்கிய பழைய சீட்டுகள் மட்டும் உள்துறையிடம் இருந்தன. 2010-ல் அவற்றையும் அழித்தார்கள்.

பிறகு வந்தன 2014, 2016-ஆம் ஆண்டுச் சட்டங்கள். வீட்டுக்காரர் கேட்டார், வங்கி கேட்டது: "காகிதம் எங்கே?" நாற்பது, ஐம்பது ஆண்டு உழைத்து வரி கட்டியவர்களிடம், ஆண்டுக்கு நான்கு சான்று வரை கேட்டது உள்துறை. காட்ட இயலாதோர் வேலை இழந்தனர், வீடு இழந்தனர். சிலர் காவலிலே அடைக்கப்பட்டனர், சிலர் நாடு கடத்தப்பட்டனர்.

2018-ல் உண்மை வெடித்தது. அந்தச் சீட்டு வந்த நாளைத்தான் காட்டும், தொடர்ந்து வாழ்ந்ததைக் காட்டாது என்று சமாதானம் சொன்னது அரசாங்கம். வந்த நாளையாவது காட்டுமல்லவா! பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார். உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். 2019-ல் இழப்பீட்டுத் திட்டம் வந்தது. பணம் கைக்கு வருமுன்பே கண்மூடியவர்களும் உண்டு.

பதிவேடு ஆளவந்தாரின் சொத்தல்ல. மக்கள் நம்பி ஒப்படைத்த பொருள். அதன் நகல் குடிமகன் கையிலே இருக்கவேண்டும். பதிவை அழித்தவர் யாரோ, மெய்ப்பிக்கும் பாரத்தை அவரே சுமக்கட்டும்! உழைத்துக் காய்த்த கையிலே அதை ஏற்றுவது ஆட்சியல்ல, அநீதி!