ஈசிஜி நார்மல், படபடப்பு மட்டும் போகவில்லை

வடக்குப்பட்டிலிருந்து ஒரகடத்துக்கு நைட் ஷிஃப்ட் போகிறவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ் கிளம்பியதும் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, உயிர் போய்விடுமோ என்று பயம். ஆஸ்பத்திரிக்கு ஓடினால், "ஈசிஜி நார்மல், ஒண்ணும் இல்லப்பா" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் வருகிறது.

ஒன்றும் இல்லாமல் இல்லை

முதல்முறை வரும் நெஞ்சுவலியைப் பதற்றம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. இதயம், தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட வேண்டும். அவை சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் பதற்றநோயாக இருக்கலாம். ஆபத்தே இல்லாத இடத்தில் அட்ரினலின் சுரப்பதால் வரும் படபடப்பு இது. பெரும்பாலும் 10 நிமிடத்தில் உச்சம் தொட்டுத் தணியும். மாறி மாறி வரும் ஷிஃப்டும், கெட்ட தூக்கமும், விழித்திருக்கக் குடிக்கும் டீயும் இதைக் கூட்டும்.

பேசினால் சரியாகுமா?

பதற்றநோய்க்குத் தரப்படும் பேச்சு சிகிச்சை வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக வகுத்த முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சை. வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், சில மாதங்கள். பஸ்ஸுக்குப் பயந்தவரை முதலில் நிற்கும் பஸ்ஸில் உட்காரச் சொல்வார்கள். பிறகு நண்பரோடு ஒரு ஸ்டாப். பிறகு தனியாகக் கம்பெனி கேட் வரை. படபடப்பு வந்தாலும் எழுந்து ஓடாமல், அது தானாக அடங்கும்வரை இருப்பதுதான் பயிற்சி. தப்பித்து ஓடும் ஒவ்வொரு முறையும் பயம் வளர்கிறது என்பதுதான் இதன் அடிப்படை.

சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். மெடிக்கலில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அது பழக்கமாகிவிடும்.

எங்கே போவது?

14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனை, சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. இஎஸ்ஐ அட்டை இருந்தால் டிஸ்பென்சரியில் கேளுங்கள்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்" என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம்; மருத்துவமனை அதை முதலாளியிடம் சொல்லக் கூடாது.

சிகிச்சைக்கு முதல் நாள் போகும்போது எத்தனை இரவு தூங்கவில்லை, எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் லீவு நாளுக்குக் காத்திருக்காமல் அப்போதே 14416-ஐ அழையுங்கள்.