கான்கிரீட் மூடுவதற்கு முன்

ஒரு வீட்டைத் தாங்கி நிற்கும் பகுதிகளில் பெரும்பாலானவை குடியேறிய பிறகு கண்ணில் படுவதே இல்லை. கடைக்கால் மண்ணுக்குள் போய்விடும். கம்பி கான்கிரீட்டுக்குள் புதைந்துவிடும். அதனால்தான் கட்டட அனுமதி, இடையிடையே ஆய்வு, கடைசியில் பணி நிறைவுச் சான்றிதழ் என்று படிப்படியான சோதனைகள் வந்தன. மூடிய பின் பார்க்க முடியாததை மூடுமுன் பார்த்துவிட வேண்டும்.

தூண் வார்க்குமுன் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் என்ற சிறு கட்டிகளை வைப்பார்கள். தூணில் 40 மி.மீ., கடைக்காலில் 50 மி.மீ. இடைவெளி தேவை. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மிக மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. அதனால் துரு ஏறுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் கான்கிரீட் மேலுறை குறைந்தால் காற்றும் ஈரமும் சீக்கிரம் உள்ளே போய் அந்தப் படலத்தைக் குலைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட்டே வெடித்துப் பெயரும். இருபது வருடம் கழித்து வரும் விரிசலை, வார்ப்பதற்கு முந்தைய நாள் ஒரு டேப்பை வைத்து அளந்தே தடுத்துவிடலாம்.

கான்கிரீட்டின் வலுவை அறியவும் வழி உண்டு. வார்க்கும் கலவையிலிருந்தே 15 செ.மீ. கனசதுரங்கள் எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்20 என்ற தரத்துக்கு, அந்தக் கட்டி ஏறத்தாழ 45 டன் சுமையைத் தாங்க வேண்டும்.

அனுமதித் தாள் மட்டும் போதாது என்பதைச் சென்னையை அடுத்த மவுலிவாக்கம் கற்றுத் தந்தது. 2014 ஜூன் 28 அன்று, அனுமதி பெற்றுக் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் குடியிருப்பு மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடமும் பாதுகாப்பற்றது என்று அதை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுபவர்கள் சுயசான்று முறையில் இணையவழியில் அனுமதி பெறலாம். முன்கூட்டிக் கள ஆய்வு கிடையாது. பெரிய கட்டடங்களுக்கு மின் இணைப்பு பெறவும் பணி நிறைவுச் சான்றிதழ் வேண்டும். சிறு வீடுகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால், சோதிக்கும் பொறுப்பு இப்போது வீட்டுக்காரர் கைக்கு வந்திருக்கிறது.

ஆகவே கடைக்கால், பேஸ்மட்டம், தூண், தளம் என ஒவ்வொரு கட்டத்திலும் வார்ப்பதற்கு முன் பொறியாளரை வரவழையுங்கள். கம்பியை வரைபடத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். கனசதுரச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவசரம் என்று மேஸ்திரி சொன்னாலும், பொறியாளர் பார்த்து முடிக்கும்வரை அந்த ஒரு நாள் வார்க்காமல் காத்திருங்கள்.